கழுத்துக் கோட்டில் ஓர் அரிசி அகலம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் கணவர் தூரிகையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் இன்னும் நினைவில் நிற்பது அவரால்தான். எந்த வேலையைத் தொடங்கினாலும் மணிக்கூட்டைப் பார்ப்பது அவருடைய தொழிற்சாலைப் பழக்கம். அன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் ஒரு துவாயை விரித்து, குடத்தை அதன் மேல் நிறுத்தி, சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மூண்டு இருவது. நாலு மணித் தேத்தண்ணிக்கு முன்னம் முடிச்சிடுவன்."

பிறகு வந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன நேரம் அது. வேறு எவராலும் எங்களுக்கு ஒரு நேரத்தைச் சொல்ல முடியவில்லை.

குடம் எங்களுடையது அல்ல, மகளுடையது. அவள் சுவிஸின் ஜெர்மன் பக்கத்தில், வின்டர்தூரில் இருக்கிறாள். அரும்பொருள் காட்சியகம் ஒன்றின் களஞ்சியத்தில் பழைய சாமான்களைச் செப்பனிட்டுக் காப்பாற்றுவது அவள் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் பயிற்சிக்காக அமெரிக்காவில் நியூ மெக்சிகோவுக்குப் போய், அங்கே புவெப்ளோ பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில், குடம் வனையும் ஒரு பெண்ணின் வீட்டில் அரை வருடம் தங்கியிருந்தாள். அந்தப் பெண் கொடுத்துவிட்ட தண்ணீர்க் குடம் இது. சக்கரம் இல்லாமல், மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றியது. கையில் தூக்கினால் காலியான பாற்சட்டி அளவுகூடப் பாரம் இல்லை. அடிப்பக்கம் உள்ளே குழிந்திருக்கும். முதல் நாள் நான் அதைப் பழக்கத்தில் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்காரவில்லை.

"அம்மா, அது தலையில வைக்கிற குடம். இடுப்புக்குச் செய்யேல்லை" என்று மகள் சிரித்தாள்.

வெள்ளைக் களிமண் பூச்சை ஆற்றுக் கல்லால் தேய்த்து மினுக்கி, அதன் மேல் கறுப்பாலும் செம்மண் நிறத்தாலும் வரைந்திருந்தார்கள். படி படியாக ஏறுவது முகில். நெருக்கமாக இழுத்த மெல்லிய கோடுகள் மழை. கறுப்பு, ஒரு காட்டுச்செடியை அவித்து வற்றவைத்து எடுத்ததாம். தூரிகை, ஒரு இலையின் நுனியைப் பல்லால் மென்று நாராக்கியதாம். இவ்வளவையும் மகள் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்வதென்றால் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும். ஐந்து வருடங்களாக அவளும் மருமகனும் ஒரு பிள்ளைக்காக டொக்டர்மாரிடம் அலைந்துகொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. மருமகன் சுவிஸ்காரப் பிள்ளை. அவர்கள் பக்கத்தில் இப்படித்தான், ஆறுதலாக, பிந்தித்தான் பெறுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம்தான் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. மூன்றாம் மாதம் நடக்கையில் அவர்கள் பெரிய வீட்டுக்கு மாற முடிவெடுத்தார்கள். சாமான் ஏற்றுகிறவர்களை நம்பிக் குடத்தைக் கொடுக்க மனமில்லாமல், மகள் அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் இங்கே லா ஷோ-து-ஃபோனுக்குக் கொண்டுவந்தாள்.

"ரெண்டு கிழமை வைச்சிருங்கோ. தண்ணி கிண்ணி ஊத்திப்போடாதையுங்கோ."

"தண்ணிக் குடத்துக்குத் தண்ணி ஊத்தாமல் என்ன, பெற்றோலோ ஊத்துறது?" என்று இவர் கேட்டார்.

"அப்பா!"

"சரி சரி. ஆனா பிள்ளை, முப்பத்தொண்டுக்கு உதைத்தான் நிறைகுடமா வைக்கோணும்."

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டு, வாசலில் நிறைகுடம் வைப்போம். மூன்றாம் மாதத்திலேயே அதைக் கதைக்கிறாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. மகளோ யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"ஓம், வடிவா இருக்கும். ஆனா தண்ணி இல்லை, அரிசி. தேங்காயை நான்தான் வைப்பன், நீங்கள் கழுத்தை உடைச்சுப்போடுவியள்."

அவள் போன பிறகு இவர் பின்னேரங்களில் குடத்தை எடுத்துவைத்துப் பார்க்கத் தொடங்கினார். இருபத்தெட்டு வருடங்களாக இவருக்குக் கைக்கடிகார முகப்புகளோடுதான் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, அச்சிட்ட கோடு எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். மயிரளவு விட்டிருந்தாலும் 'ரெபூ' என்று கழித்துவிட வேண்டும். காப்பாற்றக்கூடியது என்றால் ஒரு தொடுகையில் நிரப்ப வேண்டும். அந்த நிரப்பும் வேலையை அந்தப் பகுதியில் இவரிடம்தான் கொடுப்பார்கள். வீட்டிலும் அதே கண்தான். நான் பொங்கலுக்குப் போடும் கோலத்தைக்கூடக் குனிந்து பார்த்து, "இதில விட்டிட்டீர்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். இதைப் பாரும். கழுத்துக் கோடு மூட்டுப்படேல்லை."

குடத்தின் கழுத்தைச் சுற்றி இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடின. ஓரிடத்தில் இரண்டும் நின்று, ஓர் அரிசி அகலம் விட்டு, மறுபடி தொடங்கின. இவ்வளவு நாளும் என் கண்ணில் அது படவே இல்லை.

"பாவம், மனிசி களைச்சுப்போச்சாக்கும்" என்றேன்.

"கையால இழுத்த கோடு. சுத்தி வரேக்க கணக்குப் பிழைச்சிருக்கும். எவ்வளவு வடிவான வேலை, கடைசியில இப்பிடி விட்டிருக்கு."

"அவள் வந்தாப் பிறகு கேட்டிட்டுச் செய்யுங்கோவன்."

"கேட்டா வேண்டாமெண்டுதான் சொல்லுவாள். பழுதுள்ள குடத்தை நிறைகுடமா வைக்கிறதே? நாளைக்குச் சனம் வந்து பாத்துட்டு, இவன் முகப்பு வேலை செய்யிறவன், வீட்டில ஓட்டைக் கோட்டோட குடம் வைச்சிருக்கிறான் எண்டு சொல்லாதோ?"

"சனம் வந்தா பிள்ளையைப் பாக்குமோ, கோட்டைப் பாக்குமோ?"

"நான் எண்டா கோட்டைத்தான் பாப்பன்."

நிறைகுடத்துக்கு வைக்கும் பாத்திரத்தில் கீறல், நெளிவு, சொட்டை எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிய விஷயம். அதனால் நானும் மறிக்கவில்லை.

தொழிற்சாலைக் கறுப்பு மையை அப்படியே வைக்காமல், அதில் துளி மண்ணிறம் கலந்து, ஒரு கடதாசியில் தடவிக் காயவிட்டு, குடத்தின் கறுப்போடு ஒப்பிட்டு, மறுபடியும் கலந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு கோட்டை இழுத்தார். நான் வைத்த தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்தது. முடிந்ததும் குடத்தை என் பக்கம் திருப்பினார்.

"எங்கையெண்டு சொல்லும் பாப்பம்."

நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"சொல்லிப்போடாதையும். அவள் கண்டுபிடிக்கிறாளோ பாப்பம். மியூசியத்தில வேலை செய்யிற ஆளெல்லோ."

"கண்டுபிடிச்சா?"

"ஒரு மாசம் கோப்பை கழுவுறன்."

"அது நீங்கள் இப்பவே செய்ய வேண்டியது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் பாட்டு முணுமுணுத்தார்.

புதன்கிழமை மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். புது வீட்டில் சாமானெல்லாம் இறக்கியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை ஸ்கான் என்றாள்.

"நீ ஒண்டும் தூக்கேல்லைத்தானே?"

"அம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையோ." உடனே கதையை மாற்றினாள். "அம்மா, குடத்தின்ர கழுத்துக் கோட்டில ஒரு இடைவெளி இருக்கு, பாத்தனீங்களோ? அதை மட்டும் கிட்ட வைச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. ஸ்கானுக்குப் போகேக்க போனில வைச்சிருக்கப்போறன்."

"அது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். அந்த இடைவெளியை வேண்டுமென்றே விடுகிறார்களாம். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டாம். சிலர் அது குடத்துக்கு மூச்சு என்பார்கள். சிலர், எங்கள் மூத்தவர்கள் விட்டார்கள், நாங்களும் விடுகிறோம் என்று மட்டும் சொல்வார்கள். இவளை வீட்டில் வைத்திருந்த பெண் தன் பெரியம்மாவிடம் கேட்டது வேறு: பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவள் கோட்டை மூடமாட்டாள், அது பிள்ளை வருகிற பாதை. மகள் ஒருநாள் அவளிடம் தன் குறையைச் சொல்லி அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு வனைந்த குடமாம் இது.

"நான் உதுகளை நம்பிறதில்லை, தெரியும்தானே. ஆனா மூண்டு வருஷமா காலமை எழும்பினா முதல் அதைத்தான் பாக்கிறனான். திறந்துதான் கிடக்கு, திறந்துதான் கிடக்கு எண்டு. நம்பிக்கை இல்லை அம்மா, ஒரு பழக்கம்."

"இஞ்ச ஒரே முகிலாக் கிடக்கு, வெளிச்சம் காணாது. பிறகு அனுப்புறன்" என்றேன்.

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய், தொழிற்சாலையில் மை துடைக்கிற கரைப்பான் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அழிச்சுவிடுறன்."

நான் போத்தலைப் பிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனத்தில் பட்டம் எடுத்து ஒரு வருடம் படிப்பித்தவள். இங்கே முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். கறை எங்கே போகும், எங்கே போகாது என்பது இரண்டு வழியாலும் எனக்குத் தெரியும். குடத்துக்குக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. அது உறிஞ்சுகிற மண். கரைப்பானைத் தொட்டால் இவர் வைத்த கறுப்பு உள்ளே இறங்கும், சுற்றியுள்ள வெள்ளையிலும் பரவும். ஓர் அரிசி அகலத்தை எடுக்கப்போய் ஒரு விரல் அகலம் அழுக்காகும்.

"அப்ப என்ன செய்யிறது?"

"வெள்ளிக்கிழமை போகட்டும். ஸ்கான் முடிய நானே அவளுக்குச் சொல்லுறன். இது அவளின்ர தொழில், அவளே எடுப்பாள்."

என் அம்மாவும் இதுபோல ஒன்று சொல்வார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஓட்டை, பொந்து எதையும் அடைக்கக் கூடாது. நான் மகளைச் சுமந்தபோது இவர் குளியலறைச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைப் பூசி அடைத்தார். அதை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி, நல்ல ஏச்சு வாங்கி, நாங்கள் இருவரும் சிரித்தோம். அதை இப்போது இவருக்கு நினைவூட்டினேன்.

"அண்டைக்குச் சுவரை அடைச்சனீங்கள். பிள்ளை பிறந்ததுதானே?"

"அது வெறும் ஓட்டை" என்றார். "இது ஆரோ இவளுக்கெண்டு விட்டது."

வெள்ளிக்கிழமை மருமகன்தான் கூப்பிட்டார். என்னோடு கதைக்கும்போது அவர் தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிப் போடுவார். அன்றைக்கு 'மாமி' என்ற ஒன்றைச் சொல்லிவிட்டு ஜெர்மனுக்குப் போய்விட்டார். நாங்கள் பிரெஞ்சுப் பக்கத்தில் இருப்பவர்கள், எனக்கு ஜெர்மன் சரியாக வராது. 'ஹெர்ட்ஸ்' விளங்கியது. இதயம். 'நிஷ்ட்' விளங்கியது. இல்லை. அதற்குமேல் எதுவும் விளங்க வேண்டியிருக்கவில்லை.

டொக்டர் சொன்னதைப் பிறகு மகளே எனக்குச் சொன்னாள், வெறும் குரலில், அறிக்கை வாசிப்பதுபோல. இதயம் நின்று சில நாட்கள் ஆகியிருக்கும், ஒரு கிழமைகூட இருக்கலாம். திட்டமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் கருவிலேயே இருக்கிற பிழை. யாரும் செய்ததாலும் இல்லை, செய்யாததாலும் இல்லை.

நான் இவருக்கு அதை அப்படியே சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. மேசையில் விரலால் எண்ணினார்.

"ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். சில நாள் எண்டா இதுதானே."

"ஒரு கிழமையும் இருக்கலாம் எண்டவை. அப்ப நீங்கள் தூரிகையைத் தொடவேயில்லை."

"இருக்கலாம் எண்டதுதானே. எப்பவெண்டு அவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூண்டு இருவது."

அறிவுள்ள மனிதர். இரண்டு மொழியில் பேப்பர் வாசிப்பவர். கோயிலில் பூசை நீண்டால் வெளியே போய் நிற்பவர். என்னால் அவரோடு வாதாட முடியவில்லை. ஏனென்றால் இரவில் படுத்துக்கொண்டு நானும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வின்டர்தூருக்குப் போகவிருந்தோம். மகள் மறித்தாள். "வேண்டாம் அம்மா. ஒருத்தரையும் பாக்கேலாது. நான் வாறன்." கிழமைகள் போயின. அவள் வரவில்லை. குடத்தை இவர் ஒரு வேட்டியால் மூடி அலுமாரிக்கு மேல் வைத்தார். பிறகு அது தனக்கு மேல் நிற்கிறது என்று இறக்கிக் கட்டிலின் கீழ் வைத்தார். அங்கேயும் வைத்திருக்க முடியாமல், கடைசியில் மேசைக்கே கொண்டுவந்தார். சாப்பாடு இறங்கவில்லை. தொழிற்சாலையில் கோடு விட்ட முகப்புகளை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். பொறுப்பாளர் கூப்பிட்டுக் கேட்டபோது, "என்னால அடைக்க ஏலாமல் கிடக்கு" என்று மட்டும் சொன்னாராம். அந்த மனிதர் நல்லவர், விடுமுறை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சொல்லாமலே விடுவோம் என்று நான் ஒருநாள் கேட்டேன். எப்படியும் அவளால் கண்டுபிடிக்க முடியாது.

"அவள் காலமை எழும்பி இதைப் பாக்கிறவள்" என்றார். "இல்லாததைத் தேடிக்கொண்டிருப்பாள்."

அவள் வருகிறேன் என்று சொன்ன சனிக்கிழமை, பத்தியக் கறி வைப்பதா விடுவதா என்று காலையில் வெகுநேரம் அடுப்படியில் நின்றேன். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்து வைக்கிற அந்தக் கறி பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. இவளுக்குக் கொடுத்தால் குத்திக்காட்டியதாகுமோ? கொடுக்காவிட்டால், உனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னதாகுமோ? அவள் உடம்பும் இரத்தம் விட்ட உடம்புதானே. கடைசியில் அரைத்தேன்.

மத்தியானம் மணியடித்தது. தனியாக வந்திருந்தாள். தோளில் பனி. கன்னம் வற்றியிருந்தது. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள், கறியின் வாசம் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் கழுத்தில் முகத்தை வைத்தாள். நெடுநேரம் அப்படியே நின்றோம். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

இவர் மேசையடியில் எழும்பி நின்றார். அவள் மேலங்கியைக் கழற்ற முதலே சொல்லிவிட்டார்.

"பிள்ளை, உன்ர குடத்தை நான் பழுதாக்கிப்போட்டன். கழுத்துக் கோட்டை மூடிப்போட்டன். எனக்குத் தெரியாது, பிழையெண்டு நினைச்சன்."

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு குடத்தை. கதிரையை இழுத்து இருந்து, குடத்தைத் தன் பக்கம் எடுத்து, தொழில் செய்கிறவளின் கையால் மெல்லத் திருப்பினாள். விரல் நுனியைக் கழுத்தில் வைத்து ஒரு சுற்று வந்தாள். யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து மறுபடியும் வந்தாள். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"எங்க அப்பா?"

இவர் குனிந்து பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமல் அவருக்கும் தெரியவில்லை.

"எப்ப செய்தனீங்கள்?"

"நீங்கள் வீடு மாறினதுக்கு அடுத்த நாள். ஞாயிற்றுக்கிழமை. மூண்டு இருவது."

மகள் குடத்தைத் துவாயின் மேல் திரும்ப வைத்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சனிக்கிழமை புத்தகப் பெட்டி தூக்கினனான், அப்பா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதானே. அப்ப நான்தான் முதல்."